லீவு போடாதவள்

சுவிட்சுக்குள் உட்காரும் ஸ்பிரிங் அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இடுக்கியால் அதை எடுத்துக் குழியில் நிற்க வைத்து, பித்தளைத் தகட்டை மேலே படுக்கப் போட்டு, வெள்ளை மூடியைப் பொருத்தி, கைப்பிரஸ்ஸை ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு சுவிட்ச் முடிந்தது. எல்லாம் சரியாக இருந்தால் 'டக்' என்று ஒற்றைச் சத்தம் வரும். ஸ்பிரிங் சாய்ந்திருந்தால் சத்தம் இரண்டாக உடையும். அன்று காலையிலிருந்து சசிகலாவின் கைக்குக் கீழே சத்தம் உடைந்துகொண்டே இருந்தது.

"இன்னா சசி, தூக்கமா?" என்றாள் பக்கத்து ஸ்டூலில் இருந்த ஜோதி. அவளுக்குக் கை நிற்காமல் பேச வரும்.

"இல்லடி."

"அப்புறம் இன்னா? ரிஜெக்ட் டிரே ரொம்பிகினு போவுது பாரு."

சசிகலா அடுத்த ஸ்பிரிங்கை எடுத்தாள். காலையில் கார்டு பஞ்ச் பண்ணும் இடத்திலேயே சூப்பர்வைசர் வசந்தகுமார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதட்டாமல்தான் சொன்னார். "ஆபீஸ்ல உன் கார்ட எடுத்து வெச்சிகினு பேசறாங்க சசிகலா. தை மாசத்துலேர்ந்து நீ எத்தினி லீவுன்னு உனக்கே தெரியும். இன்னொரு தபா போட்டியானா நான் பேசிப் பிரயோஜனமில்ல. கேட்டாண்ட எத்தினி பொண்ணுங்க வேல கேட்டு நிக்குது, பாத்தியா?"

பார்த்திருந்தாள். மண்ணூர்ப் பக்கம் ஒவ்வொரு கம்பெனியாக வரத் தொடங்கியதிலிருந்து எந்தக் கேட்டிலும் காலையில் நாலு பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவளும் அப்படி நின்றவள்தான். கட்டிக்கொண்டவன் பம்பாய்க்குப் போய்விட்டு ஒரு தகவலும் இல்லாமல் போனபிறகு, பிள்ளைப்பாக்கத்தில் அம்மா அப்பாவோடு வந்து சேர்ந்து, இந்த வேலையில் காலூன்றியிருந்தாள்.

தை மாதம் அப்பா நாகப்பனுக்கு வாதம் அடித்தது. நெல் மில்லில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய உடம்பு, ஒரு விடியற்காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கமாகச் சரிந்துவிட்டது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. 'தே... தே...' என்று ஒரு ஓசை மட்டும் மிஞ்சியது. கோபம், பசி, சலிப்பு எல்லாவற்றுக்கும் அதே ஓசை. முதலில் ஆஸ்பத்திரிக்கென்று லீவு போட்டாள். பிறகு காய்ச்சலுக்கு. பிறகு அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதற்கு.

பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றது. டீசல் இல்லை. வளைகுடாவில் சண்டை நடந்த வருடம் அது. டீசலும் கிருஷ்ணாயிலும் கிடைத்தவர்களுக்குத்தான் கிடைத்தன. பாதி நாளை ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்ட வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸை வழியில் போலீஸ் நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்த ரோட்டில் அது பழக்கமாகிவிட்டிருந்தது. சசிகலாவின் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கச் சொன்னார்கள். சாப்பிடாத எலுமிச்சைச் சாதம் உள்ளே அப்படியே இருந்தது.

வீட்டுக் கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது. அம்மா கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே திறந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. கண் பழகியதும் கட்டிலைப் பார்த்தாள்.

நாகப்பன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று அவர் அக்குள் வழியாக வந்து, மார்பைச் சுற்றி, கட்டில் சட்டத்தில் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இடுப்பில் இன்னொரு சுற்று. நல்ல கை மட்டும் வெளியே இருந்தது. அந்தக் கையால் அவர் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தார். முடிச்சு கைக்கு எட்டாத பக்கத்தில் இருந்தது. மகளைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நைனா..." என்று மட்டும் வந்தது அவளுக்கு.

முடிச்சை அவிழ்த்தாள். அவரைச் சாய்த்து உட்கார வைக்க முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தபோது சட்டை ஈரமாக ஒட்டியது. தூக்கிப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. அதன் விளிம்பில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது.

அம்மா செங்கமலம் கிருஷ்ணாயில் கேனோடு உள்ளே வந்தாள். மகளை, அவிழ்ந்து கிடந்த புடவையை, தூக்கியிருந்த சட்டையைப் பார்த்தாள். கேனைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "நீ ஏன் அதெல்லாம் பாக்குறே? பொட்டப் புள்ள பாக்குற ஒடம்பா அது?"

"கட்டிப் போட்டுக்கீறியேம்மா."

"கட்டாம? எயுந்திரிக்கப் பாக்குறாரு. எயுந்தா வியறாரு. நெத்தியில காயம் பாத்தியே, கட்டில் கால்ல இடிச்சிகினாருன்னு சொன்னேனே, வியுந்துதான் ஆச்சி. நான் கிருஷ்ணாயிலுக்கு நிப்பேனா, தண்ணி கொண்டாருவேனா, இவரக் கைல புடிச்சிகினே நிப்பேனா?"

"என்னாண்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ லீவு போட்டுகினு குந்திக்குவே. வேல பூடும். அப்பால மூணு பேரும் கயித்த எடுத்துக்க வேண்டிதான்."

கேனைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். உட்காரும்போது அவள் முகம் சுருங்கியதைச் சசிகலா பார்த்தாள். அவ்வளவு பெரிய உடம்பைத் தினமும் புரட்டித் தூக்கித் துடைத்து மாற்றிய இடுப்பு அது. நாள் பூராவும் சுவிட்சு செய்துவிட்டு அந்தி சாய வந்து, 'எல்லாம் நல்லாத்தான் கீது' என்ற பேச்சைக் கேட்டு, சாப்பிட்டுப் படுத்திருக்கிறோம் இத்தனை மாதம் என்று நினைத்துக்கொண்டே, அவிழ்ந்து கிடந்த புடவையைச் சுருட்டி எடுத்தாள்.

துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் காந்திமதிதான் கிளியம்மாளைப் பற்றிச் சொன்னாள். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் தலை நரைக்கும் வரை ஆயாவாக இருந்தவள். கடைசி வரை அவளைப் பர்மனென்ட் பண்ணவில்லை. வயதாகிவிட்டதென்று ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். இப்போது வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். பேசிய சம்பளம் சசிகலாவின் சம்பளத்தில் கணிசமாகக் கடித்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

செங்கமலம் ஒத்துக்கொள்ளவில்லை.

"காசு குடுத்து ஆளு வெச்சிப் பாக்குற அளவுக்கு உங்க நைனா அனாதையா? நான் செத்தா பூட்டேன்?"

"உன்னால முடியலம்மா."

"முடியலன்னு நான் சொன்னேனா? அவரு ஒத்துக்க மாட்டாரு. இன்னொருத்தி கை பட்டா கத்தியே செத்துடுவாரு. அவர எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை கிளியம்மாள் வந்தாள். குட்டை உருவம், பருத்த கைகள், கன்னத்தில் அடக்கிய புகையிலை, மஞ்சள் ஒயர் கூடை. செங்கமலம் வாசலிலேயே மறித்து முதல் கேள்வி கேட்டாள்: "எந்தத் தெரு?"

"காலனிதாம்மா," என்றாள் கிளியம்மாள், வேறு கேள்வி வருமா என்று பார்ப்பவளைப் போல. வரவில்லை. சசிகலாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவைக் கெஞ்சி, கிளியம்மாளைக் கெஞ்சி, இருவரையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

சாயந்தரம் வந்து கேட்டபோது, "வந்தா, செஞ்சா, போனா," என்றாள் அம்மா. மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும். அப்பாவின் சட்டை மாறியிருந்தது. சசிகலா நம்பிவிட்டாள். மனசில் ஒரு பாரம் இறங்கியதுபோல் லைனில் அவள் கை மறுபடி ஒழுங்காக ஓடியது.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கூடையும் கையுமாகக் கிளியம்மாள் அவளுக்காகவே நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு, நாளையிலேர்ந்து நான் வரல."

"ஏன்க்கா? இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. அதான் பேஜாரு. தெனம் வர்றேன், உங்கம்மா வாசல்லயே, 'இன்னிக்கி வேணாம், பூடு'ன்னுது. வேல செய்யாம கூலி வாங்க எனக்கு மனசு வரல. அந்தம்மா இடுப்பப் புடிச்சிகினு நிக்கிற நெலயப் பாத்தா எனக்கே பொறுக்கல. ஆனா கதவத் தள்ளிகினு பூர முடியுமா?"

சசிகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கெயமை. நான் வூட்ல இருப்பேன். ஒரே ஒரு நாள் வாங்க. அதுக்கப்புறம் நானே உங்களக் கூப்புட மாட்டேன்."

ஞாயிறு காலை கிளியம்மாள் வந்தபோது செங்கமலம் கட்டிலுக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

"நீ ஆயிரம் பேருக்குச் செஞ்சிருப்பே. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவரு ஒத்துக்க மாட்டாருமா. இவருக்குப் புடிக்காது."

"இருக்கலாம்மா. அவரையே ஒரு வார்த்த கேட்டுடலாமே."

"பேச்சு வராதவரையா?"

"காது கேக்குதில்ல?"

செங்கமலம் ஒரு எட்டு நகர்ந்தாள். கிளியம்மாள் புகையிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் முகமும் நாகப்பன் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"ஐயா, நான் கிளியம்மா. ஆஸ்பத்திரில ஆயாவா இருந்தவ. முதுகு எரியுதா?"

நாகப்பன் கண்ணை அகட்டிப் பார்த்தார். இந்த ஆறு மாதத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றித்தான் கேட்டார்கள், அவர் தலைக்கு மேலே, செங்கமலத்திடம்.

"வெந்நி வெச்சி ஊத்தி, புண்ணு கய்வி, மருந்து போடட்டுமா? வேணாம்னா கைய ஆட்டுங்க, நான் எயுந்து பூடறேன். வேணும்னா என் கையப் புடிங்க."

அவர் நல்ல கை போர்வைமேல் கிடந்தது. அது அசையவில்லை. செங்கமலம், "பாத்தியா?" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தக் கை நகர்ந்தது. போர்வையைத் தள்ளிக்கொண்டு வந்து கிளியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் விலாவுக்குக் கீழே, எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தது. "தே... தே..." என்றார். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

செங்கமலம் அங்கே நிற்கவில்லை. பின்பக்கம் போனாள். காலையில் தேய்த்துக் கவிழ்த்த குண்டானை எடுத்துச் சாம்பல் போட்டு மறுபடி தேய்த்தாள். சசிகலா பின்னாலேயே போய் நின்றாள்.

"நாப்பத்தஞ்சி வருசம்," என்றாள் அம்மா, நிமிராமல். "அவருக்கு இன்னா வேணும்னு நான்தான் சொல்வேன். நேத்து வரைக்கும் அதான்."

"உன்ன வேணாம்னு சொல்லலியேம்மா அவரு. முதுகு எரியுதுன்னு சொன்னாரு."

"என்னாண்ட சொல்லலியே."

"உன்னால முடியாதுன்னு அவருக்கும் தெரியும்மா. அதான் சொல்லல."

குண்டான் தேய்வது நின்றது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கிளியம்மாள் ஏதோ சினிமாப் பாட்டை ராகம் தப்பிப் பாடிக்கொண்டு, நடுநடுவே, "காலத் தூக்குங்க ஐயா, அப்படித்தான், ராசா மாதிரி," என்று பேசிக்கொண்டிருந்தாள்.

கிளியம்மாளின் வேலை முடிந்து சசிகலா உள்ளே போனபோது நாகப்பன் தலை வாரி, திருநீறு பூசி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகுக்கும் இடுப்புக்கும் பழைய துணிகளைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருந்தது. வீட்டில் ஆறு மாதமாக இருந்த நாற்றம் போய் ஈர மண் வாசம் வந்தது. அம்மாவைக் காட்டக் கூப்பிட வேண்டுமென்று தேடினாள். செங்கமலம் அடுப்படிப் பக்கம் பாயைக்கூட விரிக்காமல், முந்தானையைத் தலைக்குச் சுருட்டி வைத்துக்கொண்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அம்மா தூங்கிச் சசிகலா பார்த்ததே இல்லை. விளக்கு வைக்கும் வரை எழுப்பவில்லை.

அதன்பிறகு கிளியம்மாள் தினமும் வந்தாள். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. தேங்காயெண்ணெயை அவள் தாராளமாக ஊற்றித் தேய்க்கிறாள் என்று செங்கமலத்துக்குக் குறை. சோற்றைக் குழைய வடிக்கச் சொன்னால் கேட்பதில்லை என்று கிளியம்மாளுக்குக் குறை. மத்தியானம் ரேடியோவில் பாட்டு வைத்துக்கொண்டு அவள் அரை மணி நேரம் கண்ணயர்வாள். "நோயாளிக்கு வந்தாளா, தூங்க வந்தாளா?" என்று சாயந்தரம் மகளிடம் புகார் வரும். அவளுக்குக் காப்பி கொடுக்கும் டம்ளர் பின்பக்கச் சுவரின் மேல் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அதை ஒரு நாள் சசிகலா மற்றப் பாத்திரங்களோடு உள்ளே எடுத்து வைத்தாள். மறுநாள் அது சுவருக்கே போய்விட்டது. கிளியம்மாள் அதை அங்கிருந்தே எடுத்துக் குடித்துவிட்டு, கழுவி அங்கேயே கவிழ்த்தாள். சசிகலாவும் அதற்குமேல் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் புண் ஆறியது. முதலில் விளிம்பு வெளுத்தது, பிறகு நடுவில் ரோஸ் நிறத்தில் தோல் ஏறியது. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்க வைத்தாள் கிளியம்மாள். நிற்க வந்ததும் நடக்கப் பழக்கினாள். அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி நிற்பாள். அவர் நல்ல கையை அவள் தோளில் வைத்துக்கொள்வார். "நல்ல கால மொதல்ல. இப்ப அந்தச் சோம்பேறிக் கால இய்த்துகினு வாங்க," என்று சொல்லிச் சொல்லி, வாசல் வரை, பிறகு வேப்பமரம் வரை, பிறகு தெருமுனைக் குழாய் வரை கூட்டிப்போனாள். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வழி விட்டார்கள். நாகப்பன் அவர்கள் எல்லோருக்கும், "தே," என்றார். அன்று அது சிரிப்பு.

ஒரு சாயந்தரம் சசிகலா சீக்கிரம் வந்தபோது, அம்மா குப்புறப் படுத்திருக்க, கிளியம்மாள் அவள் இடுப்பை எண்ணெய் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் செங்கமலம் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "நான் கேக்கல. அதுவாதான் ஆரமிச்சுது," என்றாள்.

"ஆமாம் கண்ணு, நானாதான்," என்றாள் கிளியம்மாள். "வேணாம்னு சொல்லிகினே தெனம் எண்ணெய்க் கிண்ணிய எடுத்துத் தருவாங்க."

அந்த மாதங்களில் சசிகலா ஒரு நாள் கூட லீவு போடவில்லை. கம்பெனியில் புது மாடல் சுவிட்ச் வந்து ஓவர்டைம் ஓடியது. அதற்கும் நின்றாள். வீட்டில் என்ன ஆகியிருக்குமோ என்ற பயமில்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்து வருவது எவ்வளவு பெரிய சுகம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜன்னலில் காற்று வாங்கிக்கொண்டு, ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவாள். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், வழியில் வந்த கோயில், மாதா கெபி எல்லாவற்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஒரு தடவை கிளியம்மாளிடமே சொல்லப் பார்த்தாள். "அக்கா, நீங்க இல்லன்னா..." என்று தொடங்கினாள். "அந்தப் பொகையில பொட்டலம் தீந்துபோச்சி, வரும்போது வாங்கியா," என்று கிளியம்மாள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது வசந்தகுமார் சிரித்துக்கொண்டே லைனுக்கு வந்தார். "சசிகலா, உன் கார்டு மறுபடி ஆபீஸ்ல டேபிள் மேல கீது."

"நான் லீவே போடலியே சார்," என்றாள்.

"பயப்படாத. இந்த மூணு மாசமா லீவே போடாதவங்களுக்குப் பூஜையன்னிக்குப் பரிசு குடுக்கறாங்க. உன் பேரும் கீது. பர்மனென்ட் லிஸ்ட்லயும் வரும்னு சொல்லிக்கிறாங்க. வூட்டு ஆளுங்கள இட்டுகினு வா."

ஜோதி இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். அவள் கை நின்று சசிகலா அன்றுதான் பார்த்தாள்.

நாகப்பனும் வருவதாகப் பிடிவாதம் பிடித்தார். மகள் பரிசு விஷயத்தைச் சொன்னதும் நல்ல கையால் கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியைக் காட்டினார். கூட்டம், வெயில் என்று செங்கமலம் என்னென்னவோ சொன்னாள். கை கொடியைக் காட்டிக்கொண்டே இருந்தது.

"நான் கீறேன் இல்ல? இட்டுகினு போலாம்," என்றாள் கிளியம்மாள். பூஜையன்று அவளுக்கு லீவு என்று சசிகலா சொல்லியிருந்தாள். ஆனாலும் தலைக்குக் குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த பச்சைப் புடவை கட்டி, காலையிலேயே வந்துவிட்டாள். ஒயர் கூடையில் மாற்று வேட்டி, துண்டு, தண்ணீர் பாட்டில், முட்டுக் கொடுக்கும் துணிச் சுருள் எல்லாம் எடுத்துக்கொண்டாள். நாலு பேரும் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போனார்கள். வழியில் நாகப்பன் புதுசாக எழும்பிய ஒவ்வொரு காம்பவுண்டுச் சுவரையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கம்பெனி கேட்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே ஷாமியானா, மைக்கில் பக்திப் பாட்டு. ஆட்டோவிலிருந்து இறங்கி நாகப்பன் வழக்கம்போல் கிளியம்மாளின் தோளில் கை வைத்தார். நாலு எட்டு நடந்தார்கள். வாட்ச்மேன் சுப்பன் கேட்டின் சிறு கதவருகே நின்று ஒவ்வொரு குடும்பத்தையும் எண்ணி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா சசிகலா. இவரு உங்க அப்பாவா? வாங்க பெரியவரே. இது அம்மா. இந்தம்மா யாரு?"

"எங்க நைனாவப் பாத்துக்கறவங்க."

"சொந்தமா?"

சசிகலா கிளியம்மாளின் கூடையைப் பார்த்தாள்.

"ஊழியர் குடும்பம் மட்டும்தான்னு ஆர்டர். உனக்கு அப்பா, அம்மா, ரெண்டு பேரு. எழுதிக் குடுத்துகீறாங்க. மே மாசத்துக்கு அப்புறம் எப்படின்னு உனக்குத் தெரியாதா? பெரிய ஆபீசர் எல்லாம் வர்றாங்க. போலீஸ்காரர் உள்ளயே நிக்கிறாரு."

"அண்ணே, இவங்க இல்லாம அவரு நடக்க மாட்டாரு."

"நீ புடிச்சிக்க. அம்மா ஒரு பக்கம் புடிச்சிக்கட்டும்."

அப்போது செங்கமலம் முன்னால் வந்தாள். "ஐயா," என்றாள், தெருக் குழாயடியில் பேசுகிற அதே குரலில், "இவ எங்க வூட்டு ஆளுதான். உடுங்க."

சசிகலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். செங்கமலம் யாரையும் பார்க்கவில்லை. வாட்ச்மேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு இல்லியேம்மா," என்றார் சுப்பன். "நான் இன்னா பண்ண? நாளைக்கு என் வேல பூடும்."

சசிகலா வசந்தகுமாரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தாள். அவர் கேட்டுக்கு வந்து, பார்த்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். தலையை ஆட்டினார். "மன்னிச்சிக்கோம்மா," என்று கிளியம்மாளிடமே நேராகச் சொன்னார். "ஒருத்தர உட்டா எல்லாரையும் உடணும்ங்கறாங்க."

"அட, இதுக்கா இவ்ளோ நேரம்?" என்றாள் கிளியம்மாள். "நேரமாவுது, போங்க. ஐயாவ வெயில்ல நிக்க வெக்காதீங்க." நாகப்பனின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துச் சசிகலாவின் தோளில் வைத்தாள். அவர் விரல்கள் பச்சைப் புடவையை விட்டு வர மறுத்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "பொண்ணு பரிசு வாங்கப் போவுது. போய்ப் பாத்துட்டு வாங்க. நான் எங்கயும் பூடல."

சிறு கதவு சாத்தப்பட்டது. சசிகலாவின் தோள் உயரம் அவருக்குப் பழகவில்லை. வலது கால் சரளைக் கல்லில் இழுபட்டு நின்றது. கம்பிகளுக்கு வெளியே இருந்து குரல் வந்தது. "நல்ல கால மொதல்ல ஐயா! ஆங்... இப்ப அந்தச் சோம்பேறிய இய்த்துக்கோங்க... கண்ணு, நீ அவசரப்படாத. அவர் இய்க்கட்டும்." அந்தக் குரலின் அளவுக்கே அடி வைத்து, ஷாமியானா நிழல் வரை நாகப்பன் நடந்து சேர்ந்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். செங்கமலம் தன் முந்தானையைச் சுருட்டி அவர் முதுகுக்குக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பூஜை நடந்தது. கைப்பிரஸ்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு ஆபீசர்கள் பேசினார்கள். உச்சி வெயில் ஏறிவிட்டிருந்தது. சசிகலாவின் பெயரைக் கூப்பிட்டபோது ஜோதி விசிலடித்தாள். மேடையில் ஒரு பிரஷர் குக்கரை அவள் கையில் கொடுத்து, போட்டோவுக்காக இந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்கள்.

"குடும்பக் கஷ்டம் எல்லோருக்கும் இருக்கிறது," என்று மைக்கில் ஒருவர் சொன்னார். "ஆனால் ஒரு நாள் கூட லீவு போடாமல் வேலைக்கு வந்த இந்தச் சகோதரியைப் பாருங்கள். எல்லாம் அவருடைய சொந்த உழைப்பு."

கை தட்டினார்கள். நாகப்பன் ஒரு கையால் தொடையில் தட்டினார். செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குக்கரின் கனத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சசிகலா அவர்களைப் பார்த்தாள். பிறகு தலைகளுக்கு மேலே கேட்டைப் பார்த்தாள்.

கம்பிகளுக்கு வெளியே நிழல் கேட்டுத் தூணோரம் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கிப்போயிருந்தது. வாழைக்கன்றுக்கும் தூணுக்கும் நடுவில், அந்த ஒரு சாண் நிழலுக்குள் அடங்குவதற்காக, கிளியம்மாள் முதுகைத் தூணோடு ஒட்ட வைத்து, பாதங்களைச் சேர்த்து நின்றுகொண்டிருந்தாள். கூடையைத் தரையில் வைக்கவில்லை. மைக்கில் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். கூடையை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு கையும் உயர்த்தித் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க மேடம்," என்றான் போட்டோக்காரன். "கேமராவப் பாருங்க."